எக்ஸ்றேயில் தெரிய வேண்டும்

பாலேஸ்வரியைப் பயந்தவள் என்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். தூள் அரைத்து வெளிநாட்டுக்குப் பார்சல் கட்டும் கடை ஒன்றில் பத்து வருடமாக மிளகாய் வறுக்கிறவள். முதலாளி கத்தினால் திரும்பிக் கத்துவாள். ஆனால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அரைக் கிலோ தூள் வாங்க வந்து வாசலில் நின்றாலே அவளைக் கடை முன்னுக்குக் காணமுடியாது. வறுக்கிற சாக்கில் பின்னுக்குப் போய்விடுவாள். அந்தச் சங்கதி கடையில் யாருக்கும் தெரியாது.

அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு மகள், யதுஷா. வயது இருபத்தொன்று, சட்டம் படிக்கிறாள். புருஷனும் மூத்தவன் கிஷாந்தும் சண்டையின் கடைசி மாதங்களில் வன்னியில் போய்விட்டார்கள். தாயும் மகளும் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அந்த அறைக்குள் ஒருத்தி வாயைத் திறந்தால் மற்றவள் கேட்டுத்தான் ஆகவேண்டும், விலகிப் போய் நிற்க இடமில்லை. அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலேஸ்வரி சட்டம் கேட்டாள்.

வருகிற சனிக்கிழமை யதுஷாவுக்கு விவாதப் போட்டி. ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தால் போரில் கொஞ்சமாவது மனிதத்தன்மை வருமா என்பது கேள்வி. வரும் என்று வாதாட வேண்டிய பக்கம் அவளுடையது. கட்டிலில் உட்கார்ந்து இடது காலைக் கையால் பிடித்துவிட்டபடி சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் இரண்டு மாதமாக மரத்து மரத்துப் போகிறது. பஸ்ஸில் ஏறும்போது இரண்டு தரம் மடிந்து விழுந்தும் விட்டாள்.

"உடம்புக்குள்ள போய் விரியிற துப்பாக்கிச் சன்னம் கூடாது. நஞ்சுப் புகை கூடாது. கண்ணைக் குருடாக்கிற லேசர் கூடாது. எக்ஸ்றேல தெரியாத துண்டுகளால காயப்படுத்திற ஆயுதம் கூடாது..."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பாலேஸ்வரியின் கை நின்றது.

"என்ன பிள்ளை சொன்னனீ, எக்ஸ்றேயோ?"

"ஓம் அம்மா. 1980இல ஜெனீவாவில எழுதினது. கண்ணாடி, பிளாஸ்டிக் மாதிரிச் சாமானால குண்டு செய்தா, பீஸ் எங்க போய் இருக்கெண்டு டொக்டருக்குப் பிடிபடாதெல்லோ? அதால அப்பிடிச் செய்யக் கூடாதாம்."

"இரும்பெண்டால் தெரியுமோ?"

"வெள்ளையாப் பளிச்செண்டு தெரியும்."

"அப்ப, தெரியிற மாதிரி அடிக்கலாம். அதைத்தானே அவையள் எழுதி வைச்சிருக்கினம்?"

யதுஷா வாய்விட்டுச் சிரித்தாள். "எதிர்ப்பக்கம் இதைத்தான் கேக்கப் போகுது. நீங்கள் அங்க போய் நிக்கவேண்டிய ஆள் அம்மா."

பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் திரும்பிப் புத்தகம் எடுத்தபோது அவளுடைய முதுகைப் பார்த்தாள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், சட்டைக்குள்ளே ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் முள்ளுக்கம்பி வேலியில் விழுந்த காயம் என்று யதுஷா நம்பிக்கொண்டிருக்கிறாள். அது ஷெல் வெடித்துத் தெறித்த இரும்புப் பீஸ் போன வழி. போன பீஸ் இன்னும் வெளியே வரவில்லை.

அந்தப் பொய்யைப் பாலேஸ்வரி, சண்டை முடிந்து இராணுவம் கொண்டுபோய் அடைத்த முகாமில் வைத்துத்தான் சொல்லத் தொடங்கினாள். காயம் இருந்தால் சண்டை பிடித்தவர் என்று சந்தேகப்பட்டு, அங்கே காயக்காரரை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அவளோடு ஒரே தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த ஒருத்தியின் மகனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகுத் தழும்பைப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு வருடம் கழித்து வந்தவன் யாரோடும் கதைக்கவில்லை. நாலரை வயதுப் பெண்பிள்ளையை யார் ஏற்றப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வரிசையில் நின்றவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். "ஆரும் கேட்டால் என்ன சொல்லுவாய்?" என்று அவள் காலையும் மாலையும் கேட்பாள். "முள்ளுக்கம்பி" என்று பிள்ளை சொல்லும். ஒரு வருடத்தில் பிள்ளைக்கு அதுவே உண்மையாகிவிட்டது.

கொழும்புக்கு வந்த பிறகும் பயம் விடவில்லை. பொலிஸ் ஆட்பதிவுத் தாளில் முந்தைய முகவரி கேட்டிருந்த இடத்தில் யாழ்ப்பாணத்துத் தங்கையின் முகவரியை எழுதினாள். இப்போது மகள் சட்டத்தரணியாக வரப்போகிறவள். எத்தனையோ பேர் அவளைப் பற்றி விசாரித்துத்தான் கையெழுத்து வைப்பார்கள். உடம்புக்குள் ஷெல் பீஸ் இருக்கிற பெட்டையிடம் அவர்கள் என்ன கேட்பார்கள் என்று அவள் படுக்கையிலும் யோசித்துக்கொண்டிருப்பாள்.

திங்கட்கிழமை பொரளையில் நரம்பு டொக்டரிடம் போனார்கள். முன்பு எப்போதாவது அடிபட்டதா என்று டொக்டர் கேட்டார். "சின்னனில வேலியில விழுந்தனான்" என்றாள் யதுஷா. அவள் திரைக்குப் பின்னால் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம், டொக்டர் எழுதிய இரண்டு துண்டுச் சீட்டுகளை நேர்ஸ் தாயின் கையில் கொடுத்தாள்.

"இது எக்ஸ்றே. முதல் இதை எடுங்க. பிறகு இந்த எம்.ஆர்.ஐ. ஸ்கான்."

முதல் எக்ஸ்றே. வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும் என்று மகள் சொன்னது பாலேஸ்வரியின் காதுக்குள் கேட்டது. அவள் வேறொன்றும் யோசிக்கவில்லை. எக்ஸ்றேத் துண்டை நாலாக மடித்துப் பேர்ஸின் அடியில் திணித்தாள். வெளியே வந்த மகளிடம் ஸ்கான் துண்டை மட்டும் நீட்டினாள்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. வழியில் மருந்துக்கடைப் பெடியனிடம் விசாரித்தாள்.

"தம்பி, இந்த ஸ்கானும் எக்ஸ்றே மாதிரித்தானோ?"

"இல்லை அக்கா, இதில எக்ஸ்றே கதிரே இல்லை. முழுக்கக் காந்தம். பயப்பிடாதீங்கோ."

கதிர் இல்லையென்றால் முதுகில் உள்ள பீஸும் தெரியாது என்று அவள் கணக்குப் போட்டாள். கடவுளே, தப்பினோம் என்று அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டாள். சட்டம் அரைகுறையாகக் காதில் விழுந்தால் இப்படித்தான் முடியும்.

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஸ்கான். படம் எடுக்கிற இடம் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் மாடியில் இருந்தது. ஏ.சி. குளிரில் பாலேஸ்வரி சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். படம் எடுக்கிற மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை, பெயர் சாமினி. அவள் யதுஷாவிடம் ஒரு ஃபோமைக் கொடுத்தாள். முழுக்கக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. யதுஷா மளமளவென்று இல்லை, இல்லை என்று கீறிக்கொண்டு போனாள். பாதி வழியில் பேனை நின்றது.

"பாருங்கோ அம்மா, உடம்பில சன்னம், ஷெல் பீஸ் ஏதும் இருக்கோ எண்டும் கேட்டிருக்கினம்."

பாலேஸ்வரி தாளை எட்டிப் பார்த்தாள். இங்கேயுமா என்று நினைத்தாள். ஆஸ்பத்திரித் தாளில் இந்தக் கேள்வி எதற்கு? இதை எழுதி வாங்கி எங்கே அனுப்புவார்கள்? பதினாறு வருடத்துக்குப் பிறகும் வரிசையில் நிறுத்தித்தான் கேட்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது.

"இல்லை எண்டு போடு. வடிவாப் போடு."

யதுஷா போட்டாள். கையெழுத்தும் வைத்தாள். சாமினி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, எக்ஸ்றே எடுத்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டாள். அப்படி ஒரு துண்டும் தரவில்லை என்று யதுஷா உண்மையாகவே சொன்னாள். உடுப்பு மாற்றவும் தோடு, சங்கிலி கழற்றவும் அவளை உள்ளே அனுப்பினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

அந்த நேரம்தான் பாலேஸ்வரிக்கு எதிர்க் கதிரையில் ஒரு ஆள் வந்து இருந்தான். ஐம்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய முடி, நிமிர்ந்த முதுகு, மடியில் ஒரு ஃபைல். நடக்கும்போது ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. ஆமிக்காரன், இராணுவத்தில் இருந்தவன் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சப்பாத்தின் மினுக்கமே போதும். அவள் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தபடி இருந்தாள். மகளைத் தமிழில் கூப்பிட வேண்டி வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

சாமினி அவனிடமும் அதே ஃபோமை நீட்டினாள். அவன் அதை வாசிக்கவே இல்லை.

"மிஸ், மகே கொந்தே யக்கட கேல்லக் தியெனவா."

முதுகில் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறதாம். குரலைத் தாழ்த்தவில்லை, சுற்றிவரப் பார்க்கவில்லை. பல்லுக் கொதி என்று சொல்கிறவனைப் போலச் சொன்னான். தன் மகள் ஆயுள் முழுக்க மறைக்க வேண்டிய ஒன்றை இவன் எப்படி இவ்வளவு லேசாகச் சொல்கிறான் என்று பாலேஸ்வரி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். பொறாமை என்றுதான் அதைச் சொல்லவேண்டும்.

சாமினி பேனையைக் கீழே வைத்தாள். "அப்படியென்றால் ஸ்கான் எடுக்க முடியாது அங்கிள்" என்றாள் சிங்களத்தில். பாலேஸ்வரிக்குத் தெரிந்தது கடைச் சிங்களம்தான். ஆனால் அந்தப் பிள்ளை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். உள்ளே இருப்பது பெரிய காந்தம். இரும்பு அசையும், இழுபடும். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நரம்பை வெட்டிவிடும், பிறகு கால் இரண்டும் இயங்காது. ஆளே போனாலும் போகலாம். முதலில் எக்ஸ்றே எடுத்து அது எங்கே என்று பார்க்கவேண்டும்.

பாலேஸ்வரி உள்கதவைப் பார்த்தாள். அதற்கு மேலே சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

எழும்பத்தான் நினைத்தாள். கதிரையின் நுனி வரை வந்தாள். இரண்டு அடி தள்ளி ஆமிக்காரன் இருக்கிறான். வாயைத் திறந்தால் அவன் கேட்பான். எங்கே, எப்போது, நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்பான். அடையாள அட்டை நம்பரை எழுதுவான். நாளைக்கு வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். பதினாறு வருடம் காத்தது எல்லாம் ஒரு சொல்லில் போய்விடும். இவ்வளவும் அவளுக்குள்ளே ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஓடின. உள்ளே ஏதோ ஒரு மெஷின் டக் டக்கென்று அடிக்கத் தொடங்கியது.

"நவத்தன்ன!" என்று அவள் கத்தினாள். தன்னுடைய குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "நவத்தன்ன மிஸ்! மகே துவகே எங்கே யக்கட தியெனவா! என்ர பிள்ளையின்ர முதுகில பீஸ் கிடக்கு!"

நிறுத்துங்கள், என் மகளின் உடம்பில் இரும்பு இருக்கிறது என்று சிங்களத்தில் கத்தியவளுக்கு மிச்சம் தமிழில்தான் வந்தது. சாமினி பாய்ந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். பாலேஸ்வரி பின்னாலேயே ஓடி, உள்வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த தடுப்புச் சங்கிலி தடுக்கி முழங்காலில் விழுந்தாள். அவளைக் கைபிடித்துத் தூக்கிவிட்டது அந்த ஆமிக்காரன்தான். அவள் கையை உதறிக்கொண்டாள்.

யதுஷா இன்னும் மெஷினுக்குள் போகவில்லை. அது இருக்கிற அறையின் வாசலில், நீல உடுப்போடு, தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள். கேட்டது வேறு யாருக்கோ படம் எடுக்கிற சத்தம். பத்து அடி, அவ்வளவுதான் மிச்சம்.

உடனே எக்ஸ்றே எடுத்தார்கள். படம் திரையில் வந்தபோது சாமினி தாயையும் மகளையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் முள்ளந்தண்டு. அதற்கு ஒரு விரல் அகலம் தள்ளி, துவரம்பருப்பு அளவில் வெள்ளைப் புள்ளி ஒன்று. ஓரம் கூராக இருந்தது.

"அம்மா, ஏன் சொல்ல இல்லை?" சாமினிக்குத் தமிழ் கொஞ்சம்தான் வந்தது. "உள்ள போனா..." என்று தொடங்கியவள் திரையில் அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள்.

"பயம் மிஸ்."

"என்னைப் பாத்தா பயம்?"

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஓம் என்று சொல்லப் பாலேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே நீள வாங்கிலில் இருத்தி யதுஷாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை.

"முள்ளுக்கம்பி எண்டு சொன்னீங்கள்."

"ஓம்."

"நான் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான். டொக்டருக்கும் சொன்னனான்."

"எல்லாம் நான் சொல்லித் தந்ததுதான் பிள்ளை." பாலேஸ்வரி பேர்ஸைத் திறந்து, நாலாக மடித்த எக்ஸ்றேத் துண்டை எடுத்து மகளின் மடியில் வைத்தாள். "இதையும் நான்தான் ஒளிச்சனான். எக்ஸ்றேல தெரியும் எண்டு நீ சொன்னாய். கேட்டுப்போட்டு ஒளிச்சனான்."

யதுஷா அதை விரித்து வாசித்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று பாலேஸ்வரி காத்திருந்தாள். அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. துண்டைத் திரும்ப நாலாக மடித்துத் தாயின் கையில் வைத்தாள்.

"அம்மா, அந்தச் சட்டத்தாலதான் இந்தப் பீஸ் இண்டைக்குக் கண்ணில பட்டது. பிளாஸ்டிக் பீஸா இருந்திருந்தா எக்ஸ்றேலயும் ஒண்டும் தெரிஞ்சிருக்காது. உங்களுக்கு விளங்குதோ? அது எங்க இருக்கெண்டு இனி டொக்டருக்குத் தெரியும், எடுக்கலாம்."

அவள் போட்டிக்குப் பேசவில்லை, நம்பித்தான் சொன்னாள். பாலேஸ்வரிக்கும் அது பொய்யாகப் படவில்லை. படத்தில் அந்தப் புள்ளியை அவளும் தன் கண்ணால் பார்த்தாளே.

ஆமிக்காரன் எக்ஸ்றே எடுத்துவிட்டு வந்து எதிரில் இருந்தான். யதுஷாவின் முதுகைக் கையால் காட்டினான். பிறகு, "கொஹேத?" என்று கேட்டான். எந்த இடத்தில் வைத்துப் பட்டது என்கிறான். பாலேஸ்வரி பேர்ஸை இழுத்து மூடினாள். அவனே சொன்னான். தனக்குப் பட்டது முல்லைத்தீவுப் பக்கம், மோட்டார் ஷெல், அஞ்சு துண்டுகள். ஹெலியில் ஏற்றி இரண்டு மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரி. போன உடனே எக்ஸ்றே எடுத்து, எது எங்கே என்று பார்த்து நாலை எடுத்துவிட்டார்கள். இந்த ஒன்றைத்தான் தொடப் பயந்து விட்டுவிட்டார்கள். நல்ல டொக்டர்மார் என்று சொல்லித் தலையை ஆட்டினான். அதில் பெருமையும் இல்லை, பகையும் இல்லை. காயக்காரன் காயக்காரரோடு கதைக்கிற கதை.

இரண்டு மணித்தியாலம் என்ற சொல் பாலேஸ்வரிக்குள் போய் எங்கேயோ இடித்தது. அவள் மகளின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு அண்ணாவின்ர கதையும் நான் முழுசாச் சொல்லேல்லை."

"ஷெல் விழுந்து அந்த இடத்திலயே எண்டுதானே..."

"அந்த இடத்தில செத்தது அப்பா. உங்கள் ரெண்டு பேருக்கும் பட்டது. உனக்கு முதுகால ரத்தம் ஓடினது, எல்லாரும் உன்னைத்தான் தூக்கினவை. அவனுக்கு வயித்தில கடலை அளவு ஒரு ஓட்டை. ரத்தமே இல்லை. நடந்துதான் வந்தவன் பிள்ளை, உன்ர பையையும் தூக்கிக்கொண்டு. அங்க மருந்து கட்டினவர் பாத்திட்டு, மேலால உரசிப்போட்டுப் போயிருக்கு, இவன் சுகம் எண்டார். உள்ள ஏதும் கிடக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? எக்ஸ்றே மெஷின் இல்லை. கறண்ட் இல்லை. அவரிட்டை ஒரு டோர்ச் லைட்தான் இருந்தது. அவனும் வயித்துக்குள்ள நோகுது, நோகுது எண்டவன். பசி எண்டு நினைச்சு நான் கஞ்சி குடுத்தனான். ரெண்டாம் நாள் வயிறு கல்லு மாதிரி வீங்கி..."

பதினாறு வருடத்தில் அந்தக் கஞ்சியைப் பற்றி அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அவன்ர துண்டும் இரும்புதான். சட்டப்படிதான் அடிச்சிருக்கினம். எக்ஸ்றேல வெள்ளையாப் பளிச்செண்டு தெரிஞ்சிருக்கும், என்ன?"

"ஓம் அம்மா."

"அந்த மெஷினைக் கொண்டுவந்து பக்கத்தில வைக்கவேணும் எண்டும் அந்தச் சட்டத்தில எழுதிக் கிடக்கோ?"

யதுஷா வாயைத் திறந்தாள். காயப்பட்டவரைப் பராமரிக்கச் சொல்லி வேறு சட்டங்கள் இருக்கின்றன. அவளுக்கு அவை எல்லாம் இலக்கத்தோடு பாடம். ஆனால் தாயின் முகத்தைப் பார்த்து ஒன்றையும் சொல்லத் துணியவில்லை. "இந்தச் சட்டத்தில இல்லை" என்றாள்.

சாமினி ஒரு தாளோடு வந்தாள். ஸ்கானை ஏன் நிறுத்தினோம் என்று டொக்டருக்கு அனுப்ப வேண்டும். உடம்பில் உள்ள பொருள், அது வந்த காரணம், இடம், திகதி. எல்லாவற்றையும் நோயாளி எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். முள்ளுக்கம்பி என்று எழுதி முடித்துவிடலாமா என்று பாலேஸ்வரி ஒரு கணம் நினைத்தாள். பேனைக்குக் கையை நீட்டினாள்.

"அந்தாள் பாத்துக்கொண்டிருக்கு" என்று மகளின் காதில் சொன்னாள்.

"பாக்கட்டும். நான் உள்ளதை எழுதப்போறன். திகதியைச் சொல்லுங்கோ."

பாலேஸ்வரிக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. இந்தத் தாள் ஒரு ஃபைலுக்குள் போகும், அந்த ஃபைலை யாரோ ஒருநாள் திறப்பார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் அவள் ஊரைச் சொன்னாள். மாசி மாதம் இருபத்தெட்டு என்றாள். யதுஷா ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதினாள்.

"கிஷாந்தின்ரையும் எழுது. அவன் பங்குனி ரெண்டு."

"அம்மா, இது என்ர ஃபோம். ஒரு ஆளின்ரைதான் எழுதலாம்."

"அப்ப அவன்ரையை எங்க பிள்ளை எழுதிறது?"

சாமினி தாளுக்காகக் கையை நீட்டியபடி நின்றாள். யதுஷா பேனையைப் பிடித்தபடியே தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் இன்னும் விடவில்லை.